வாசலுக்கு வெளியே வாள்காரன்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் வாசலுக்கு வெளியே அண்ணா பயணப்பையோடு நின்றான். உள்ளே வர அம்மா விடவில்லை. டிவியில் எங்கள் விளையாட்டின் கடைசிச் சண்டை பாதியில் நின்றது. மெமரி கார்ட் பழுதாகிவிட்டதால் அதைச் சேமித்து வைக்க வழியில்லை. மெசினை அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து. அவனோ வேன் வந்தவுடன் போய்விடுவான். வெளிநாட்டுக்கு எந்த வழியால் போகிறான், எங்கே போய்ச் சேருவான் என்பதெல்லாம் ஏஜென்சிக்காரனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். இனித் திரும்பி வராமலே போகலாம்.

வேன் வருகிற நேரம் ராகுகாலம். அதனால் காலையிலேயே நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, அம்மா அவனை வெளியே இறக்கிவிட்டார். இறங்கினவன் இறங்கினவன்தான், திரும்ப உள்ளே கால் வைக்கக்கூடாது. போன தடவை இப்படி இறங்கியவன் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு உள்ளே வந்து எடுத்துப் போனான். பாதி வழியில் ஏதோவொரு விமான நிலையத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடவுச்சீட்டில் பிழை என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவைப் பொறுத்தவரை பிழை அந்தக் கண்ணாடியில்தான். அவரோடு வாதாடுவதற்குச் சுவரோடு கதைக்கலாம்.

வேன் வரும்வரை கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் இருப்பதுதான் ஏற்பாடு. அவன் போகவில்லை. கீழே கடையில் ஒரு பிளேன்ரீ குடித்து, கடைப் போனில் கதைத்துவிட்டுத் திரும்ப மேலே ஏறி வந்து, "வேனை இஞ்ச வரச் சொல்லிட்டன்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "டிவியைத் திருப்பு" என்றான்.

அது பழைய விளையாட்டு. பூதமும் மந்திரமும் நிறைந்த ஒரு ராச்சியம், அதில் ஒரே ஒரு வீரன். ஒரு பட்டனை அழுத்தினால் வாள்காரன் ஆவான், இன்னொன்றை அழுத்தினால் வில்லாளி, இன்னொன்றுக்கு மந்திரவாதி. எங்களிடம் இருந்ததோ ஒரு கொன்ட்ரோலர். அதனால் சின்ன வயதிலேயே பாகம் பிரித்தாயிற்று. வாள் அவனுக்கு, வில்லும் மந்திரமும் எனக்கு. ஆள் மாறும்போது கொன்ட்ரோலரும் கை மாறும். நான் வாளைத் தொட்டால், "கையை முறிச்சுப் போடுவன்" என்பான். அறுவான், ஒருநாளும் பழக்கித் தரவில்லை. இதுவரை ஒருதடவைகூட நாங்கள் முடிவுவரை போனதில்லை. இந்தப் பயணம் சரிவந்ததும் தூசி தட்டி முதலிலிருந்து தொடங்கினோம். முடித்துவிட்டுத்தான் போவேன் என்று எனக்குச் சத்தியம் செய்திருந்தான்.

மேசையோடு டிவியை வாசல் பக்கம் இழுத்தேன். கொன்ட்ரோலரின் வயர் மட்டுமட்டாக நிலைப்படிவரை வந்தது.

"என்னடி செய்யிறாய்?" அம்மா ஓடி வந்தார்.

"அவன் உள்ளுக்கு வரேல்லைத்தானே அம்மா. கை மட்டும்தான்."

"கையும் வரக்கூடாது!"

சரி, கையும் வரவில்லை. நானே ஒவ்வொரு தடவையும் கொன்ட்ரோலரை வெளியே நீட்டினேன். அவன் கொரிடோரில் சப்பாணி கட்டி இருந்தான். எதிர் வீட்டு முஸ்லிம் ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "தரையில இரிக்காதீங்க மகன்" என்று ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தார். எதுவும் கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தில் இப்படி வெளிக்கிட்டவர்களை அவர் நிறையக் கண்டவர்.

கடைசி எதிரி ஒரு கல் இராட்சதன். பறந்தால் அம்பு, நெருப்புக் கக்கினால் மந்திரம், களைத்து முழங்காலில் இருந்தால் வாள். நீட்டினேன், வாங்கினேன், நீட்டினேன். முருகா, கரண்ட் மட்டும் போகக்கூடாது. வேன் காலி ஊருக்குப் போகிற வீதி நெரிசலில் கிடந்து சாகட்டும். இராட்சதனின் உயிர் ஒரு நூலளவுக்கு வந்துவிட்டது.

அம்மாவின் போன் அடித்தது. "கீழ நிக்கினமாம்," என்றார்.

இராட்சதன் அப்போதுதான் முழங்காலில் விழுந்தான். வாளின் முறை. நான் கொன்ட்ரோலரை நீட்டினேன். அண்ணா வாங்கவில்லை. எழும்பிப் பையைத் தோளில் போட்டான்.

"நீயே அடி."

"எனக்கு வாள் தெரியாதடா!"

"இவ்வளவு காலமும் பக்கத்தில இருந்து பாத்தனிதானே. அடி."

அம்மா நிலைப்படிக்கு உள்ளே நின்றபடியே எட்டி அவன் நெற்றியில் திருநீறு பூசினார். அவன் நடந்தான். எனக்குத் திரை தெரியவில்லை, கண்ணீர் மறைத்தது. வாளை எடுத்தேன். எப்படி அடித்தேன் என்று கேட்காதீர்கள், வெறி பிடித்தவளாய் அடித்தேன். படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இராட்சதன் உடைந்து கொட்டினான்.

"அண்—"

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. பயணம் போகிறவனைப் பின்னால் கூப்பிடக்கூடாது. அவன் ஒரு மாடித்தட்டுத்தான் இறங்கியிருந்தான், கத்தியிருந்தால் கேட்டிருக்கும். கையைக் கடித்தேன். அம்மா எடுக்கவில்லை. கீழே வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் எடுத்தார். கையில் என் பல் பதிந்திருந்தது.

அவனுடைய போன் மேசையில் கிடந்தது. ஏஜென்சிக்காரன் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தான். அதன்பிறகு ஒரு செய்தியும் இல்லை. நானும் அம்மாவும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சோறு ஆக்கினோம், கொட்டினோம். டிவியை வாசலில் இருந்து நகர்த்த இருவருக்கும் மனம் வரவில்லை. எங்காவது ஒரு கடலில் அவன் செத்துக் கிடப்பதாகவே எனக்குப் பட்டது. அந்த நினைப்போடுதான் வேலைக்குப் போய் வந்தேன்.

ஒரு காலை, தெரியாத இலக்கத்திலிருந்து அம்மாவின் போனுக்கு அழைப்பு வந்தது. அம்மா எடுத்தார். "அம்மா" என்கிற அவன் குரல் எனக்கும் கேட்டது. எங்கே நிற்கிறாய், சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி இராட்சதனை வெண்டிட்டாளடா ராசா," என்றார் அம்மா. "நான்தான் அவளைக் கத்த விடேல்லை."