ஐந்து கேள்விக்குறிகள்

வேலிக்கு அந்தப் பக்கம் என் தம்பி நின்றுகொண்டிருப்பான். நான் படலைத் திறந்துகொண்டு உள்ளே போவேன். இரண்டு ஆடுகள், ஒரு குளம், அவன் பாதி கட்டி நிறுத்தி வைத்திருக்கும் ஒரு கூரை, எல்லாம் தெரியும். பிறகு திரையின் மூலையில் ஒரு சின்னச் சக்கரம் சுழலத் தொடங்கும். அவ்வளவுதான். ஆடுகள் அப்படியே உறையும், திரை கறுக்கும், விளையாட்டு மறைந்து கணினியின் வெறும் முகப்பு வந்து நிற்கும். ‘எதிர்பாராத விதமாக நின்றுவிட்டது’ என்று ஒரு பெட்டி வந்து மன்னிப்புக் கேட்கும். என்ன பெரிய எதிர்பாராத விதம்! தினமும் அதே இடத்தில்தான் நிற்கிறது. எனக்கு எதிர்பார்த்து எதிர்பார்த்துப் பழகியே போய்விட்டது.

சைகோனில் கொரோனா ஊரடங்கு இருந்த அந்த மழைக்காலம் அது. கான் ஹொய்யில் ஒரு சந்துக்குள், மூன்றாம் மாடி அறை ஒன்றில் நான் அடைந்து கிடந்தேன். இறால் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் வேலை. இறாலும் வரவில்லை, கப்பலும் போகவில்லை, என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். சந்தின் வாயில் இரும்புத் தடுப்பும் சிவப்பு நாடாவும். வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாலே முனையில் இருக்கும் ஒலிபெருக்கி அதட்டும். சீருடை போட்ட ராணுவ இளைஞர்கள் காய்கறிப் பைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேலே பார்த்து, “ச்சி ஓய்!” என்று கூப்பிடுவார்கள்.

இந்த ‘ச்சி ஓய்’ இருக்கிறதே, நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் இதற்காக ஒரு பழக்கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். சீ என்றும் ஓய் என்றும் ஒரே மூச்சில் ஒருவன் கூப்பிட்டால் எந்தத் தமிழச்சி பொறுப்பாள்? பிறகுதான் தெரிந்தது, ‘ச்சி’ என்றால் இவர்கள் பாஷையில் அக்கா. நம்மைப் போலவே முன்பின் தெரியாதவர்களையும் உறவு சொல்லித்தான் அழைப்பார்கள். ஆக, அந்தச் சந்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் அக்கா. எனக்கென்று இருந்த ஒரே தம்பிக்கு மட்டும் இல்லை.

அதற்குக் காரணம் இருந்தது. ஊரடங்குக்குச் சில வாரங்கள் முன்னால் காரைக்காலில் அம்மா இறந்துபோனார். அதே நோய். எனக்கு விமானம் இல்லை. தூதரகத்துக்கு எழுதினேன், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோர் காலிலும் போனில் விழுந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா முன்பே போய்விட்டதால் எல்லாவற்றையும் தம்பி ஒருவனாகச் செய்தான். எல்லாம் முடிந்த பிறகு நான் கூப்பிட்டபோது அழுதுகொண்டே, “நீ எப்பவும் அப்படித்தானே. கெஸ்ட் மாதிரி வருவ, பத்து நாள் இருப்ப, பொட்டியத் தூக்கிட்டுப் போயிடுவ. இப்ப மட்டும் என்ன?” என்றான். எனக்கும் சுருக்கென்று வந்துவிட்டது. “பின்ன, எனக்கு என்ன றெக்கையா இருக்கு?” என்று கத்தினேன். போனை வைத்துவிட்டான். மறுநாளிலிருந்து என் எண்ணிலிருந்து எதுவும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

விளையாட்டில் மட்டும் கதவு திறந்தே இருந்தது. அது அவன் கணினியில் அவன் வளர்க்கும் ஒரு தோட்டம். கடவுச்சொல் தெரிந்தால் யாரும் உள்ளே வரலாம். அவன் நண்பர்கள் சிலர் வந்து போவார்கள், நான் போவேன். அவன் அதை மாற்றவில்லை. மறந்துவிட்டானா, மனதில்லாமல் விட்டானா தெரியவில்லை.

அம்மா இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவரும் சந்தித்துக்கொண்ட இடம் அதுதான். தம்பி விளையாடுவான். அம்மா அவன் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மைக்கில் கேட்கிற மாதிரி மேற்பார்வை செய்வார். எனக்கு அந்தப் பொம்மையை நேராக நடத்தத் தெரியாது. படலைத் தாண்டியதும் தவறாமல் குளத்தில் போய் விழுவேன். “பாத்து, பாத்து!” என்று அம்மா பதறுவார். நான் தட்டுத்தடுமாறிக் கரையேறியதும், “ஈரத் துணியோட நிக்காத. மாத்திக்க” என்பார். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். அம்மாவுக்குப் பொம்மை, நான் என்ற பேதமெல்லாம் கிடையாது. நனைந்தவள் மகள், அவ்வளவுதான்.

அந்த மடிக்கணினியும் அவன் தயார் செய்து கொடுத்ததுதான். கடைசியாக விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, புதுப்பெட்டி பிரித்து, அவனே எல்லாவற்றையும் போட்டுத் தந்தான். யாருடைய கணினி என்று அது கேட்டதும் தமிழில் ‘அக்கா’ என்று தட்டினான். “என் பேர் என்னடா ஆச்சு?” என்றேன். “உன் பேரு ஊருக்கு. எனக்கு இதான்” என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தத் திரை என்னை அக்கா என்றுதான் வரவேற்கும்.

அம்மா போன பிறகு வெகுநாள் விளையாட்டைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. ஒருநாள் மனதைத் தேற்றிக்கொண்டு திறந்தேன். புதிய பதிப்பு வந்திருக்கிறது, பொறு என்றது. பொறுத்தேன். உள்ளே போனால் தம்பி நிற்கிறான். நான் ஏதோ தட்டத் தொடங்குவதற்குள் அந்தச் சக்கரம் சுழன்றது, எல்லாம் போயிற்று. அன்றிலிருந்துதான் இந்தக் கூத்து.

அவன் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அக்கா வருகிறாள், நிற்கிறாள், ஒரு வார்த்தை பேசாமல் மறைந்துபோகிறாள். மறுநாளும் வருகிறாள், மறுநாளும் மறைகிறாள். ஒருநாள் முந்திக்கொண்டு அவசர அவசரமாக ‘கேம் கிராஷ் ஆகுது’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பிவிட்டேன். மறுபடி போனபோது அவன் பதில் காத்திருந்தது. “எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருக்க. அன்னிக்கு ஃப்ளைட் இல்ல. இன்னிக்கு கேம் கிராஷ். இன்னொரு தடவ வந்துட்டு ஓடுனா பாஸ்வேர்டை மாத்திடுவேன்.” படித்து முடித்தேன். சக்கரம் சுழன்றது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு, “நில்லு, நில்லு” என்று திரையிடம் கெஞ்சினேன். அவன் கணக்கில் மறுபடியும் ஓடிவிட்டேன்.

அதன் பிறகு அங்கே போகப் பயம். இன்னொரு முறை போய் விழுந்தால் அந்தக் கதவும் அடைபடும். வெளியே சந்து அடைப்பு, வானத்தில் விமானம் இல்லை, போனில் பதில் இல்லை. மிச்சமிருந்தது அந்தப் படல் ஒன்றுதான்.

சரிசெய்யாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். என் கணினியிலேயே ஆளில்லாத ஒரு வெறும் தோட்டத்தை உண்டாக்கி, அதில் சோதித்துப் பார்த்தேன். அங்கேயும் அதே சக்கரம், அதே சாவு. இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அழித்துவிட்டு மறுபடி போடு என்றார் ஒருவர். போட்டேன். வைரஸ் தடுப்பை நிறுத்து என்றார் இன்னொருவர். நிறுத்தினேன். படத்தின் தரத்தைக் குறைத்தேன், ஆடுகள் உருளைக்கிழங்கு மாதிரி ஆனதுதான் மிச்சம். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகக் கணினியில் சத்தமே நின்றுபோனது. விளையாட்டுக்காரர்களுக்கு விரிவாக ஒரு கடிதம் எழுதினேன். கணினியை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்று பதில் வந்தது. அதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு பூசணிக்காயைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன். ராணுவம் கொடுத்த பூசணிக்காய். ஒரு வாரம் சாம்பார் வைத்தேன்.

ஒவ்வொரு முறை விழும்போதும் விளையாட்டு ஓர் அறிக்கையை விட்டுப் போகும். எண்களும் எழுத்துமாகப் பக்கம் பக்கமாக இருக்கும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரிதான் அதைப் படித்தேன். கடைசியில் மட்டும் ஒரே வரி எப்போதும் வரும். ஏதோ ஒரு கோப்பைச் சேமிக்கப் போனதாகவும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் சொல்லும் வரி. அந்த இடத்தின் முகவரியில் நடுவில் ஐந்து கேள்விக்குறிகள் இருந்தன. இயந்திரத்துக்கே தெரியாத ஏதோ போலிருக்கிறது என்று நான் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

அந்த வாரம் வார்டு அலுவலகத்திலிருந்து கைபேசிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால், ‘மேசையைக் காய வைத்து மூக்குடன் இறங்குக’ என்கிற மாதிரி ஏதோ சொன்னது. கீழே வீட்டுக்காரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் படிக்கட்டின் அடியில் நின்றார், நான் மேல்படியில். கைபேசியைக் கயிற்றுக் கூடையில் இறக்கினேன். அவர் அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, ஒவ்வோர் எழுத்தின் தலையிலும் காலிலும் பேனாவால் கோடும் புள்ளியும் வைத்து மேலே அனுப்பினார். நாளைக் காலை பரிசோதனைக்கு வாசலில் இறங்கி நில்லுங்கள் என்பதுதான் விஷயம்.

“இந்தக் குறியெல்லாம் ஏன் மெசேஜில இல்ல?” என்று என் அரைகுறை வியட்நாமியத்தில் கேட்டேன்.

அவர் சிரித்தார். “மெஷினுக்கு எங்க எழுத்தோட தொப்பி பிடிக்காது, தங்கச்சி. சிலது கேள்விக்குறியாக்கிடும். அதனால நாங்களே கழட்டிட்டு அனுப்புவோம்.”

நான் நன்றிகூடச் சொல்லாமல் மாடிப்படி ஏறினேன்.

அறிக்கையைத் திறந்தேன். ஐந்து கேள்விக்குறிகள். அது இருந்தது கணினியின் உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடம். அக்கா என்பது மூன்றெழுத்து, நமக்கு. இயந்திரம் எழுத்தை உடைத்து எண்ணும். விரல்விட்டு எண்ணினேன். அ. க. அதன் மேல் புள்ளி. இன்னொரு க. அதற்குக் கால். ஐந்து.

விளையாட்டின் பழைய பதிப்பு சேமிப்பதையெல்லாம் தன் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது. புதியது என் பெயருள்ள இடத்தில் வைக்கப் போகிறது, போய் வாசலில் நின்று அந்தப் பெயரைப் படிக்கத் தெரியாமல் விழுந்து சாகிறது. கிராஃபிக்ஸ் இல்லை, வைரஸ் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் தம்பி ஆசையாக வைத்த பெயர்தான் என்னை அவனிடம் போகவிடாமல் தள்ளியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது.

பெயரை மாற்றிப் பார்த்தேன். முகப்பில் மாறியது, உள்ளே அந்த இடம் பழைய பெயரிலேயே இருந்தது. வேறு வழியில்லை, புதிதாக ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். ஆங்கில எழுத்தில் அக்கா என்றே போட்டுத் தொடங்கினேன். புதிய கணக்குக்குள் போனதும் திரை என்னை ஆங்கிலத்தில் வரவேற்றது. மனசுக்கு ஒட்டவில்லை. பழையதை அழிக்க மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

வெறும் தோட்டத்துக்குள் போய் நின்றேன். சக்கரம் வந்தது, சுழன்றது, மறைந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒரு குருவிகூடப் பறந்தது. நான் எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பிறகு தம்பியின் கடவுச்சொல்லைத் தட்டினேன். மாற்றியிருக்கவில்லை.

படலைத் திறந்ததும்தான் கவனித்தேன். புதுக் கணக்கு, புதுப் பொம்மை. என் பழைய பொம்மையின் சிவப்புப் பாவாடை இல்லை, கையில் மண்வெட்டி இல்லை. அவசரத்தில் விளையாட்டு பெயர் கேட்ட இடத்தை நான் தாண்டி வந்திருக்கிறேன். அதுவாகவே ஒரு பெயரை என் தலைக்கு மேல் எழுதி வைத்திருந்தது: கெஸ்ட்.

தம்பி கூரைமேல் நின்றிருந்தான். திரும்பினான். “யாரு?” என்று தட்டினான்.

நான்தான்டா என்று எழுதப் போனேன். எழுத்துப் பெட்டி திறக்காமலே தட்டிவிட்டேன் போல, பொம்மை விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியவில்லை. ஆடுகளைத் தாண்டி நேராகக் குளத்தில் போய் விழுந்தது. சத்தம்தான் போய்விட்டதே, தண்ணீர் மட்டும் தெறித்தது. நான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முட்டி மோதி ஒருவழியாகக் கரையேறி நின்றேன்.

அவன் கூரையிலிருந்து இறங்கி வந்தான். குளக்கரையில் என் எதிரில் வந்து நின்றான்.

பிறகு எழுதினான்: “ஈரத் துணியோட நிக்காத. மாத்திக்க.”

நான் மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். அம்மா போனதிலிருந்து அப்படிச் சத்தம் போட்டு அழுததில்லை. கீழேயிருந்து வீட்டுக்காரம்மா என்னமோ ஏதோ என்று குரல் கொடுத்தார்.

தலை நிமிர்ந்தபோது மூலையில் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. அவனும் அசையவில்லை, நானும் அசையவில்லை. அது சுழன்று நின்று மறைந்தது. ஆடு ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று.

“இருக்கியாக்கா?” என்று தட்டினான்.

“இருக்கேன்” என்று தட்டினேன்.