எலும்பில்லாத கறி

சின்னப்பொண்ணை ஏமாற்றப் பெரிய தந்திரமெல்லாம் வேண்டாம். நாலு நல்ல வார்த்தை போதும். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் அவளோடு ஒன்றாகக் குப்பை வாரியவள் நான், எனக்குத் தெரியும்.

எழுபத்துமூன்றாம் வருஷம் எங்கள் முதலாளி துளசிராமன் நாகலாபுரம் மலைப்பக்கமிருந்து ஒரு சிறுத்தைக் குட்டியை வாங்கி வந்து, கம்பெனிக்குப் பின்னால் கூண்டில் அடைத்தார். வருகிற பெரிய மனிதர்களுக்கு அது ஒரு வேடிக்கை. "பெத்தவளாட்டம் பாத்துக்கோ. வளந்ததும் மலையிலயே வுட்டுடலாம்" என்று சின்னப்பொண்ணிடம் சொன்னார். அவளுக்குப் பிறந்த பிள்ளை எதுவும் தங்கவில்லை. குட்டிக்குப் பாப்பா என்று பேர் வைத்து, அது மலையேறும் நாளுக்காகவே காத்திருந்தாள்.

கறிக்கடையிலிருந்து தினமும் எலும்பில்லாத கறி வரும். "எலும்பு மட்டும் போடாதே, தொண்டையில மாட்டிக்கும்" என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு.

சில மாதங்களில் பாப்பாவின் முன்னங்கால்கள் வில்லாக வளைந்தன. தாவப் பார்த்து, முனகிக்கொண்டே படுத்துவிடும். நம் வீட்டுப் பிள்ளை நடக்கத் திணறினால் என்ன செய்வோம்? சின்னப்பொண்ணும் அதைத்தான் செய்தாள். ஆட்டுக்கால் வாங்கி, காரம் போடாமல், வெகுநேரம் கொதிக்கவிட்டு சூப் வைத்தாள். எலும்பை வடிகட்டித் தெருநாய்களுக்கு வீசிவிட்டு, சாற்றை மட்டும் கூண்டுக்குள் வைத்தாள். நாய்கள் கொழுத்தன. பாப்பாவால் எழுந்து நிற்கவும் முடியாமல் போனது.

கடைசியில், சாலையில் போய்க்கொண்டிருந்த மாட்டு டாக்டர் யேசுதாஸை மறித்து அழைத்து வந்தாள். அவர் எரிந்து விழுந்தார்.

"காட்டுல எலும்போட கடிச்சுத் தின்ற பிராணிம்மா இது! வெறும் கறியைப் போட்டா எலும்பு எப்படி உறுதியாகும்? காலும் வளையும், மூஞ்சி எலும்பும் கெடும். இந்த சூப்புத் தண்ணியில என்ன இருக்கு? குட்டி வந்த புதுசுலயே உங்க முதலாளிகிட்ட சொன்னேனே."

"அவரு இன்னா சொன்னாரு சார்?"

"'காலு பலமா இருந்தா கூண்டை ஒடச்சிட்டு ஓடிடும், இப்பிடியே இருக்கட்டும்'னாரு."

சின்னப்பொண்ணு நேராக முதலாளியிடம் போனாள். அவரோடு விருந்தாளிகள் நின்றிருந்தார்கள்.

"மலையில வுடறேன்னு சொன்னியே நைனா!"

அந்த மனிதர் கொஞ்சமும் கூசவில்லை. விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "இவதாங்க கண்ட சூப்பை ஊத்தி அது காலைக் கெடுத்துட்டா" என்றார்.

அவள் விறுவிறுவென்று போய்க் கூண்டை அகலத் திறந்துவிட்டாள். விருந்தாளிகள் அலறி ஓடினார்கள். பாப்பா வயிறு தரையில் தேய வெளியே வந்தது. எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. அவள் காலடிக்கு வந்து, சூப்புக் கிண்ணத்தைத் தேடி அவள் கையை நக்கியது.

"பாத்தியா, எங்க போவும்?" என்று முதலாளி சிரித்தார்.

சின்னப்பொண்ணு தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"உன்னிய அடைக்கக் கம்பி எதுக்குடி பாப்பா? அதான் நான் இருந்தேனே!"