சத்தமே வராத பெட்டி

என் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு ரகம். எவ்வளவு வேகம் என்று கேட்பவர்கள் ஒன்று, எத்தனை கலரில் லைட் எரியும் என்று கேட்பவர்கள் இன்னொன்று. எவ்வளவு சத்தம் வரும் என்று கேட்டுக்கொண்டு வந்தவர் இந்தப் பதினேழு வருஷத்தில் ஒரே ஒருவர்தான். நான் செய்ததிலேயே சத்தம் குறைந்த பெட்டியை அவருக்குத்தான் செய்து கொடுத்தேன். அதைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன். இப்போது சொல்கிறேன், ஆனால் பீற்றிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து, உயிருள்ள பாகங்களை எடுத்து, வேண்டியவர்களுக்குச் சேர்த்துப் பூட்டிக் கொடுப்பது என் தொழில். எதிர்வரிசையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அதன் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸை அளவுக்குத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவர் அவர். கண்ணாடிக்காரம்மா என்றுதான் நான் சொல்வேன். வயது நாற்பத்து மூன்று. பேச்சில் படு சிக்கனம். வெயில் என்றாலும் சரி என்பார், மழை என்றாலும் சரி என்பார். அவர் கோபப்பட்டும் நான் பார்த்ததில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. நான் அப்படியே நேர்மாறு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், இந்தத் தெருவில் எல்லாருக்கும் அது தெரியும்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றார். சத்தம் வராத கம்ப்யூட்டர் வேண்டும், சின்னதாக வேண்டும், கேம் ஓட வேண்டும் என்றார். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொன்னார். புதிதாக வாங்குவதென்றால் அது பாதிப் பெட்டிக்குக்கூடக் காணாது.

"ஏம்மா, அப்படியே டீயும் போட்டுக் குடுக்கணுமா அது?" என்றேன்.

"டீ வேண்டாம்," என்றார், முகம் மாறாமல்.

கேம் யாருக்கு என்று கேட்டேன். தனக்குத்தான் என்றார். பிறகு அவராகவே சொன்னார். ஒரே தம்பி, வெளிநாடு போய் ஒன்பது வருஷம் ஆகிறது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அக்காவும் தம்பியும் சேர்ந்து லாரி ஓட்டுவார்களாம், கேமில். அவனுக்கு அங்கே அது காலை நேரம், வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் கிடைக்கும். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. ஜெயிக்கவும் ஒன்றுமில்லை, தோற்கவும் ஒன்றுமில்லை, பேசிக்கொண்டே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். ஒரு நாள் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சை இந்த அம்மா அந்த ஒரு மணி நேரத்தில்தான் செலவழிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் இருக்கிற பழைய பெட்டி மாவு மில் மாதிரி இரைகிறதாம். பக்கத்தில் மேஜைமேல் இருக்கிற மைக் அத்தனையையும் வாரிக்கொண்டுபோய்த் தம்பியின் காதில் கொட்டுகிறது. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தவன், போன வாரம், தலை வலிக்கிறது அக்கா, கொஞ்ச நாள் விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டான். நாலு நாளாக வரவில்லை.

"சத்தம் போச்சுன்னா வருவான்," என்றார்.

இதற்கு எதற்கு முழுப் பெட்டி, வாயருகே மைக் வைத்த ஹெட்போன் ஒன்று மாட்டிக்கொண்டால் தீர்ந்தது என்றேன். எனக்கு வியாபாரம் போனாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்கிறவன் நான். காதை மூடிக்கொள்ள முடியாது என்றார். ஏன் என்று நான் கேட்டதற்கு, பெட்டி வைக்கிற இடத்தை வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் போனேன். முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று, அவ்வளவுதான் வீடு. முன்னறையில் சுவரை ஒட்டி அம்மாவின் கட்டில். கட்டிலின் கால்மாட்டில் மேஜை, அதன்மேல் பழைய பெட்டி. அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, மூன்று வருஷமாக நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. பகலில் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்கிறார், மற்ற நேரமெல்லாம் மகள்தான். பெட்டியின் பக்கமூடி எப்போதோ உடைந்துபோயிருந்தது. பெட்டி பசியாக இருக்கிறது என்று அம்மா அதற்குள் ஒரு ரொட்டித் துண்டைத் திணித்துவிட்டாராம், அதிலிருந்துதான் இரைச்சல் இரட்டிப்பாயிற்று. அதனால் புதுப் பெட்டி அம்மாவுக்கு எட்டாமல் சுவர் அலமாரியின் மேல்தட்டில் உட்கார வேண்டும். அந்தத் தட்டில் ஒரு முழத்துக்குமேல் எதுவும் நுழையாது.

நான் டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து அம்மா என்னைப் பார்த்துவிட்டார்.

"குட்டி, வந்துட்டியாடா? கை கழுவிட்டு உக்காரு."

எனக்கு வயது ஐம்பத்திரண்டு, தலையில் ஒரு முடி இல்லை. ஐந்து வயதிலேயே என்னை யாரும் குட்டி என்று கொஞ்சியதில்லை. போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். குட்டி என்பது தம்பியின் வீட்டுப் பெயர். நான் அங்கே இருந்த அரை மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவை அந்தப் பெயர் கேட்டுவிட்டது. குட்டி வந்துவிட்டானா, குட்டி சாப்பிட்டானா, குட்டி எங்கேடா போய்விட்டாய் என்று ஓயாமல்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, தம்பிக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். அம்மாவுக்குக் காது கேட்கவில்லை, அதனால் போனில் பேசுவதில்லை என்று சொல்லி வைத்திருக்கிறார். அப்பா இறந்தபோது அவன் போட்டது போட்டபடி ஓடிவந்தானாம். திரும்பிப் போனபோது வேலை இல்லை. மறுபடி ஒரு இடத்தில் காலூன்ற இரண்டு வருஷம் நாய்படாத பாடு பட்டிருக்கிறான்.

"சொன்னா வந்துடுவான். வந்தா அவன் பொழப்பு போயிடும்."

"வராட்டி?" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

அவர் கதவுத் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டு நின்றார். "அதைத் தெரிஞ்சுக்க வேண்டாம்னுதான் சொல்லலை," என்றார்.

கண்ணாடிக்காரம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரத்தை எப்பாடு பட்டாவது மீட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

பதினோரு நாள் பிடித்தது. ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துக்கட்டிய சின்னப் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது, இரண்டு அகராதியை ஒன்றின்மேல் ஒன்று வைத்த பருமன். உள்ளே கடகடவென்று சுழலுகிற பழைய டிஸ்க்கைத் தூக்கிவிட்டு, அசையாத, வாய் பேசாத டிஸ்க்கை வைத்தேன். குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற குள்ளமான கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைப் பிடிக்க ஐந்தாறு கடை ஏறி இறங்கினேன். லாரிக்கு அது போதும், ராக்கெட்டா ஓட்டப் போகிறார்கள்? சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் காற்று வரும், அதனால் கத்தும். பெரிய ஃபேன் சோம்பேறியாகச் சுற்றினாலே போதும். ஆகவே பெட்டியின் மேல்மூடியை வட்டமாக வெட்டி, உள்ளங்கையைவிட அகலமான ஃபேன் ஒன்றை உட்கார வைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் தினமும் கண்ணாடிக்காரம்மா வந்துவிடுவார். திருகாணி முடுக்குவதில் அவர் கைக்கு முன்னால் என் கை சுத்தப் பட்டிக்காடு. வெட்டிய தகரத்தின் பிசிறைத் தன் கடைக்குக் கொண்டுபோய் லென்ஸ் மாதிரி தேய்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் முடிந்தும் ஃபேனின் அதிர்வு தகரத்தில் இறங்கி ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அவர் பையிலிருந்து நாலு சிலிகான் பட்டைகளை எடுத்தார். கண்ணாடி மூக்கில் அழுந்தாமல் இருக்க வைப்பார்களே, அவைதான். ஃபேனின் நாலு மூலையிலும் திருகாணிக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்து முடுக்கினார். முனகல் நின்றுவிட்டது.

கடையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, இருவரும் பெட்டியின் மேல் குனிந்து கேட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "சரி," என்றார் அவர். உதட்டோரம் லேசாக அசைந்தது, அதைச் சிரிப்பு என்றே நான் எடுத்துக்கொண்டேன். பழைய பெட்டியை என்னிடமே போட்டுவிட்டுப் போனார். பிரித்தேன், தேறுகிற மாதிரி எதுவும் இல்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, துணிப்பையில் பெட்டியோடு வந்தார். எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல சத்தம் வரணும்ணா."

எனக்கு வந்ததே கோபம். பதினோரு நாள் நாயாய் அலைந்து செய்த பொருள். விளையாடுகிறீர்களா என்று ஆரம்பித்து, என் தொழிலை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை என்பதுவரை மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு லென்ஸ் நம்பர் வாசிக்கிற குரலில் சொன்னார்.

முதல் நாளே தம்பி வந்துவிட்டான். அக்கா, நீ பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டானாம். இருபது நிமிஷம் ஓட்டியிருப்பார்கள். கட்டிலிலிருந்து அம்மா கூப்பிட ஆரம்பித்தார். குட்டி வந்துட்டானா, குட்டி எங்கடா இருக்க, குட்டி, குட்டி என்று. ஒரு வருஷமாகத் தினமும் அதே நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பழைய பெட்டியின் இரைச்சல்தான் அத்தனையையும் மூடி வைத்திருந்திருக்கிறது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அவருக்கு வீட்டுக் கவலை, எனக்குத் தொழில் கர்வம்.

"அவன் லாரி ஓரமா நின்னுடுச்சு. அம்மாவுக்கு என்னன்னு கேப்பான், சொல்லிடலாம்னு இருந்தேன்."

"கேட்டானா?"

"டிவியாக்கா அதுன்னு கேட்டான்."

மேஜைமேல் இருந்த பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ஆமான்னு சொன்னேன். சரிக்கா, பழைய பெட்டியே பரவால்லன்னுட்டுப் போயிட்டான். அப்புறம் வரலை. எனக்கு அழுகைகூட வரலைண்ணா. ஒண்ணுமே தோணலை. அவன் வந்தாப் போதும்."

சொல்லிவிடுங்கள், இப்போதாவது சொல்லிவிடுங்கள் என்றேன். அவனுக்குத் தெரியும் என்றார். டிவியில் யார் குட்டி என்று கூப்பிடப் போகிறார்கள் என்றார்.

பழைய ஃபேன்களைப் போட்டு வைக்கிற தகர டப்பாவை எடுத்துக் கவிழ்த்தேன். மைக்கையும் கொண்டுவந்திருந்தார். இனி அதையும் மேல்தட்டில் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடப் போவதாகச் சொன்னார். அப்படியானால் உங்கள் குரலும் சரியாகக் கேட்காதே என்றேன். கத்திப் பேசிக்கொள்கிறேன் என்றார். பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி மைக்கை வைத்து, அதில் விழுவதைக் கேட்க என் ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டார். வாசலைக் காட்டினார். மேஜையிலிருந்து நாலு எட்டு, அவர் வீட்டில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவேயும் அதே நாலு எட்டுத்தான்.

"அங்க நின்னு கூப்பிடுங்க."

"என்னன்னு?"

"குட்டின்னு."

முதல் ஃபேனை மாட்டி வாசலில் போய் நின்று கூப்பிட்டேன். கேட்கிறது என்று தலையசைத்தார். இரண்டாவதை மாட்டினேன், கூப்பிட்டேன். அதுவும் கொஞ்சம் கேட்கிறது, அம்மா இதைவிடச் சத்தமாகக் கூப்பிடுவார் என்றார். மூன்றாவது அவருடைய பழைய பெட்டியிலிருந்தே கழற்றியது, பேரிங் தேய்ந்துபோனது. வேகம் குறையாதபடி நேரடியாக மின் இணைப்பு கொடுத்தேன். மேஜையே நடுங்கியது. வாசலில் நின்று, குட்டி, எங்கடா இருக்க, குட்டி என்று தொண்டை கிழியக் கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றினார்.

"கேக்கலை," என்றார். "இதையே மாட்டிடுங்க."

மாட்டினேன். பெரிய ஃபேனுக்கு அடியிலிருந்த அந்த நாலு பட்டைகளைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். யாருடைய கண்ணாடிக்காவது ஆகும் என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார். மணி ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. ஆறுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.