ஒடாஹுஹுவில் ஒரே ஒரு கேசட்

மதுரையில் என் மொழியியல் மாணவர்களுக்குப் போட்டுக் காட்ட, யாழ்ப்பாணப் பேச்சு தேடி, ஈழத்தமிழர் குடியேறிய இந்த வெளிநாட்டு ஊரான ஒடாஹுஹுவின் மளிகைக் கடைக்கு வந்திருக்கிறேன். கடைக்கார வசந்தி அக்காவின் அப்பா, யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் எழுதாமல் கேசட்டில் பேசி அனுப்புகிறவர். அவர் கடைசியாக அனுப்பியதைப் பிரதி எடுக்கத் தருவதாக நேற்றுச் சொன்னார் அக்கா. இன்று வந்து பார்த்தால், அதே கேசட்டை ரெக்கார்டரில் போட்டுப் பதில் பேசத் தயாராகிறார்.

"அக்கா, அப்பா பேசினது அழிஞ்சிடுமே!"

"ஓம் சேர், எப்பவும் இப்பிடித்தான். அவர் அனுப்புவார், நான் அதுக்கு மேல கதைச்சு அனுப்புவன். ஒரு கேசட்தான் போய் வருது."

அக்காவின் கேசட்டைக் கொண்டு கொழும்புக்குப் போகிறவர் வெளியே காரில் இருந்து ஹாரன் அடிக்கிறார். அக்காவின் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது. பிரதி எடுக்க வைத்திருந்த வெற்றுக் கேசட்டைப் பையிலிருந்து பிடுங்கி எடுக்கிறேன்.

"இதுல பேசுங்க, அக்கா!"

பேசுகிறார். கார் அதை வாங்கிக்கொண்டு பறக்கிறது. மூச்சு விட்டு, பழைய கேசட்டுக்குக் கை நீட்டுகிறேன். அவர் அதை இரண்டு கைகளாலும் பொத்திக்கொள்கிறார்.

"கோவிக்காதேங்கோ சேர். அப்பான்ர குரல் இப்பதான் முதல் தரம் என்னட்டத் தங்கியிருக்கு. தரமாட்டன்."