கமலவேணிக்குக் கிடைத்த இடம்

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்த மறு வருஷம், கமலவேணியின் அப்பா சுப்பையனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ரயில் பாதை போடும் கூலிகளுக்குப் பேர் பதிந்து வேலை பிரித்துக்கொடுக்கக் கிராணி வேண்டும் என்றார்கள். நகராட்சியில் கிராணியாக இருந்த மனுஷர், தோய்த்த சட்டை ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினார். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று ஏற்றியவர்கள் சொன்னார்கள். அதற்கப்புறம் அவரைப்பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

காஜா பேராங்கில், செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பை ஒட்டினாற்போல இருந்த பலகை வீட்டில் மிஞ்சியது மூன்று பேர். அம்மா சாரதாம்பாளுக்கு மரவள்ளிக்கிழங்கையே தின்று தின்று கால் இரண்டும் வீங்கிக்கிடந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மேலெழும்ப நேரம் பிடித்தது. தம்பி ஜெயபாலனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. கமலவேணி அவனைவிட இரண்டு வயது மூத்தவள். கிழங்கு நடுவதும் பிடுங்குவதும் அரிசிக்கு வரிசையில் நிற்பதும் கிளேபாங் கடலோரம் போய் உப்பு வாங்கி வருவதும் அவள் வேலையாகிவிட்டன. காலையில் எழும்போதே உடம்பு, இன்னும் கொஞ்சம் படு என்று கெஞ்சும். கடிகாரங்களையெல்லாம் ஜப்பான்காரன் தோக்கியோ நேரத்துக்கு முன்னே தள்ளி வைத்திருந்ததால், விடியுமுன்பே எழுந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த நாளில் மலாக்காவில் பிள்ளை வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் ஒரே கவலைதான். பையன் கையில் ஏதாவது ஓர் இலாகாவின் பெயர் எழுதிய துணிப்பட்டை இருக்கவேண்டும். பட்டை இல்லாமல் தெருவில் நடமாடுகிறவனை ஆள்பிடிக்கிறவர்கள் சயாமுக்கு ஏற்றிவிடுவார்கள். பட்டை வேண்டுமென்றால் அரசாங்கம் நடத்தும் ஏதாவது ஒரு பயிற்சிப் பள்ளியில் சேரவேண்டும். ஆகவே, எந்தப் பள்ளிக்கு மனுப் போடுவது என்ற பேச்சு ஊரில் எல்லாச் சமையலறைகளிலும் நடந்தது.

கமலவேணி வீட்டில் அது சண்டையாக நடந்தது.

"எதுக்கெல்லாம் போடப்போறே?" என்று தம்பியைக் கேட்டாள் கமலவேணி, கிழங்கைத் துருவிக்கொண்டே.

"மருத்துவக் காலேஜுக்கு."

"சரி. ரெண்டாவது?"

"ரெண்டாவதுன்னு ஒண்ணும் கெடையாது."

சிங்கப்பூருக்கு அப்போது சியோனான் என்று பெயர். அங்கே ஜப்பான்காரர்கள் ஒரு மருத்துவக் கல்லூரி திறந்திருந்தார்கள். ஜெயபாலனுக்குச் சின்ன வயசிலிருந்தே டாக்டர் ஆசை. பள்ளிக் கடைசி வருஷத்துச் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் பாதித் தாள் எழுதியிருந்தபோது ஜப்பான் சண்டை வந்தது. மீதித் தாளை எழுத முடியவில்லை. கமலவேணி அதற்கு முந்தின வருஷமே எழுதித் தேறியிருந்தாள். அவளுக்கும் அதே ஆசை இருந்தது. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேரை அனுப்பிப் படிக்கவைக்க முடியாது என்று தெரிந்ததால், அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"மனுவிலே ரெண்டு எடம் விட்டிருக்கான் ஜெயா. ஒண்ணை ஏன் காலியா விடணும்?"

"ரெண்டாவது எழுதினா, மொதல்லே இவனுக்கு ஆசையில்லைன்னு நெனச்சுக்குவாங்க."

"காலியா விட்டா, இவன் சயாமுக்கு ஆவான்னு நெனச்சுக்குவாங்க."

அவன் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அவள் ஏற்கெனவே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். தபால் தந்திப் பள்ளி கோலாலம்பூரில் இருந்தது. அம்மாவுக்கு ஒன்று என்றால் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். வாத்தியார் பயிற்சிக்குப் போனால் எந்தத் தோட்டத்துக்குத் தள்ளுவார்களோ தெரியாது. விவசாயப் பள்ளியில் சோறு போடுகிறார்கள் என்றார்கள். அதற்கு ஊரே மனுப் போட்டிருந்தது. மலாக்காவிலேயே இருந்தது ஒன்றுதான். மலேரியா ஒழிப்பு இலாகாவின் வகுப்பு. சதுப்பிலும் சாக்கடையிலும் இறங்கிக் கொசு முட்டையைத் தேடி எண்ணெய் தெளிக்கிற வேலை. யாரும் அதற்கு ஆசைப்படவில்லை. அதனால்தான் நிச்சயம் கிடைக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

"கொசு பிடிக்கச் சொல்றியா என்னை?"

"ஆமா. ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கலாம்ல?"

"அப்ப நீயும் போடு. மொதல்லே மருத்துவம், ரெண்டாவதா ஆஸ்பத்திரியிலே தாதி. நீ ரெண்டு எழுதினா நானும் எழுதறேன்."

கோபத்தில் சொன்னதுதான். அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று நினைத்துச் சொன்னான். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவன் சொன்னபடியே தனக்கும் ஒரு மனு எழுதினாள். ஜெயபாலன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் மனுவின் காலி இடத்தில் மலேரியா இலாகா என்று கிறுக்கினான்.

பிறகு நிப்பொங்கோ படிப்பு. ஜப்பான் பாஷை தெரியாதவர்களை நேர்காணலுக்கு உள்ளேயே விடமாட்டார்கள். வரிசையில் நிற்கும்போது அவள் மண்ணில் குச்சியால் எழுத்துகளை எழுதிப் பழகினாள். பனை எண்ணெய் விளக்கின் புகையில் அவன் வாக்கியங்களை உருப்போட்டான். அம்மா படுத்தபடியே இருவர் படிப்பதையும் கேட்டுக்கொண்டிருப்பாள். "சண்டை போடாம இருக்கீங்களே, அதுவே போதும்" என்பாள்.

நேர்காணல் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. வாசலில் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போகவேண்டும். ஜெயபாலனுக்குப் பேச்சு அருவியாகக் கொட்டியது. ஜப்பான்காரர்கள் பேசிய மகா ஆசியாவைப்பற்றி உருப்போட்டிருந்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிட்டு, முகம் மலர வெளியே வந்தான்.

கமலவேணியின் முறை வந்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த வயதான ஜப்பான் டாக்டர் கேட்டார்: எதற்காக மருத்துவம்?

உருப்போட்ட வாக்கியம் ஒன்றுகூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர வயிற்றில் எதுவும் இல்லை. தெரிந்த சின்னச் சின்ன நிப்பொங்கோ சொற்களைக் கோத்துச் சொன்னாள்: "என் அப்பா சயாமில் இருக்கிறார். அங்கே காய்ச்சல் என்று சொல்கிறார்கள். அம்மாவுக்குக் கால் வீக்கம். எனக்கு மருந்து தெரியாது."

பக்கத்தில் இருந்த அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்தார். சயாம் என்ற பேச்சை அங்கே யாரும் எடுப்பதில்லை. டாக்டர் மட்டும், அப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டார். சொன்னாள். போகலாம் என்று கையைக் காட்டினார். வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோம், தம்பிக்கும் சேர்த்துக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். நேரே வீட்டுக்குப் போக மனமில்லாமல் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் கொஞ்ச நேரம் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். வேண்டிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.

முடிவை நகராட்சிச் சுவரில் ஒட்டினார்கள். மருத்துவத்துக்குத் தேர்ந்தவர்களில் கமலவேணியின் பெயர் இருந்தது. ஜெயபாலன் பெயர் மலேரியா வகுப்பில் இருந்தது.

அவன் சுவரை ஒருமுறைதான் பார்த்தான். "வா, போலாம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்பக்கம் போய்க் கிழங்குச் செடிகளுக்கு நடுவே குந்திக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை. அவன் பங்கை மூடி வைத்தாள். மறுநாளும் கொல்லையிலேயே கிடந்தான். அதற்கும் மறுநாள், அவள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது வந்து கயிற்றை வாங்கிக்கொண்டு சொன்னான்:

"அக்கா, நீ போ. அம்மாவை நான் பாத்துக்கறேன்."

"நெசமாவா சொல்றே?"

"எனக்கு வயிறு எரியுது. இல்லேன்னு சொல்லலை. ஆனாலும் போ."

பக்கத்து வீட்டு மீனாச்சி, பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண்மணி. அவர்கள் வீட்டுப் பேச்சு மலாய்தான். விஷயம் கேள்விப்பட்டு வேலியோரம் வந்தவள், "பெர்கி லா வேணி, பெர்கி" என்று போகச் சொல்லிக் கையை ஆட்டினாள்.  மகள் வற்புறுத்திக் கேட்ட பிறகு சாரதாம்பாள் சொன்னாள்: "போகாதேன்னு என் வாயாலே வராது. போன்னும் வரலை. என்னைக் கேக்காதே கண்ணு."

கமலவேணி புறப்படத்தான் தயாரானாள். இரண்டு பாவாடைகளைப் பழைய திரைச்சீலையில் தைத்தாள். ஜெயபாலன் மலேரியா வகுப்பில் சேர்ந்து சதுப்புக்குப் போக ஆரம்பித்த அந்த வாரத்தில்தான் காஜா பேராங்கில் ஆள் பிடித்தார்கள்.

பட்டப்பகலில் லாரி வந்து நின்றது. தெருவின் இரண்டு முனையையும் மறித்துக்கொண்டு ஒவ்வொருவனாக நிறுத்திப் பார்த்தார்கள். ஜெயபாலன் அப்போதுதான் சதுப்பிலிருந்து, முழங்கால்வரை சேறும் கையில் எண்ணெய்த் தகரமுமாக வந்துகொண்டிருந்தான். கைப்பட்டையைப் பார்த்து, நாற்றத்துக்கு முகத்தைச் சுளித்து, போ என்று தள்ளிவிட்டார்கள். மீனாச்சியின் மகன் அண்ணாமலை கட்டை வண்டி தள்ளிப் பிழைக்கிறவன். அவனிடம் பட்டை இல்லை. மீனாச்சி லாரிக்குப் பின்னாலேயே சாலை திரும்புகிற இடம்வரை ஓடினாள். கமலவேணிதான் அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

அன்றைக்குச் சாரதாம்பாளுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. வீக்கம் தொடைக்கு ஏறியிருந்தது. ஜெயபாலன் இருட்டோடு சதுப்புக்குப் போனால் சாயங்காலம்தான் வருவான். பகலெல்லாம் அம்மாவை யார் நிமிர்த்தி உட்காரவைப்பது? மீனாச்சியிடம் சொல்லலாம் என்றிருந்தாள். இனி மீனாச்சியையே ஒருவர் பார்த்துக்கொள்ளவேண்டும். ஊரிலேயே இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு இரண்டாவதாக எழுதியது இருந்தது. அங்கே சேர்ந்தால், மதியத்தில் ஓடிவந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம்; பணியாளர் வீட்டாருக்குக் கொஞ்சம் தவிடும் பச்சைப்பயறும் தருவார்கள். கால் வீக்கத்துக்கு அதுதான் மருந்து என்று ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸர் ஒருவர் சொல்லியிருந்தார்.

அழுது புலம்பியெல்லாம் அவள் அந்த முடிவை எடுக்கவில்லை. காலையில் எழுந்து, முகம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். ஜெயபாலன்தான் குதித்தான்.

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல? என்னை நம்பலையா நீ?"

"நம்பறேன்டா. உன்னாலே முடியாது, அவ்வளவுதான். விடு. பேசத் தெம்பில்லை எனக்கு."

தவிடும் பயறும் வேலை செய்தன. சாரதாம்பாள் மெல்ல எழுந்து நடமாடினாள். ஆனால் கமலவேணிக்கு ஆஸ்பத்திரி வேலை எலும்பை உருக்கியது. காலையில் முற்றத்தில் வரிசையாக நின்று ஜப்பான் உடற்பயிற்சி. பிறகு நாள் முழுக்கப் புண் கழுவுவது, பழந்துணியைக் கட்டுத்துணியாகக் கிழித்துக் கொதிக்கவைப்பது. மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை இல்லாமல் பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுத்த நாட்களும் உண்டு. உட்கார்ந்தால் எழ முடியாது என்று நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் சியோனானிலிருந்த அந்த மருத்துவக் கல்லூரியை இடம் மாற்றினார்கள். எங்கே என்றால், மலாக்காவுக்கு. அவள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்கு.

மாணவர்கள் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கியதை, கையில் மலச்சட்டியோடு நின்று பார்த்தாள். யாரிடம் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மதியம் துணிந்து அலுவலகத்துக்குப் போய், போன வருஷம் தனக்கு இடம் கிடைத்ததைச் சொன்னாள். சேராதவர்களின் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது, தாதிகளையும் விடமுடியாது என்றார்கள். "சரி" என்று சொல்லிவிட்டுத் தன் வார்டுக்குத் திரும்பினாள்.

மாணவர்களில் சேதுராமன் என்று ஒருவர் இருந்தார். அவள் வந்து கேட்டதைப்பற்றி அலுவலகத்தில் கேள்விப்பட்டிருப்பார் போல. ஒருநாள், "சிஸ்டர், டாக்டர் நோயாளியைப் பாக்க வர்றப்போ நீங்க இந்தப் பக்கமா நில்லுங்க. இங்கேருந்தா அவர் எங்களுக்குப் பாடம் சொல்றது நல்லாக் கேக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமாகவே நின்றாள். பாதி நாள் கண்ணைத் திறந்துவைத்திருக்கவே பாடாக இருந்தது. மீதி நாள் கேட்டதெல்லாம் மனசில் நின்றது.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, சயாமிலிருந்து ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். அண்ணாமலை எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். அங்கே பழைய கூலிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை அவன்தான் சொன்னான், சுப்பையன் கிராணி சயாமுக்குப் போன அதே மழைக்காலத்தில் காலராவில் இறந்துவிட்டார் என்று. இவர்கள் நேர்காணலுக்குப் படித்துக்கொண்டிருந்தபோதே அவர் இல்லை. சாரதாம்பாள் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, "தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்து சிங்கப்பூர்க் கல்லூரியை மறுபடி திறந்தபோது, ஜெயபாலன் அக்காவுக்காக அலைந்தான். இப்போது பௌதிகமும் ரசாயனமும் படித்திருக்கவேண்டும் என்றார்கள். அவள் படித்த பெண்கள் பள்ளியில் அந்தப் பாடங்கள் கிடையாது. மறுபடி பள்ளியில் உட்காரலாம் என்றான் தம்பி. தன் சம்பளம் இருக்கிறது என்றான்.

"நீ ஏன் போடலை?" என்று கேட்டாள் அவள்.

"எனக்கு இதுவே பழகிப்போச்சுக்கா." வெட்கத்தோடு சிரித்தான். "கிளேபாங் பக்கம் இந்த வருஷம் காய்ச்சலே இல்லே தெரியுமா?"

பிறகு சுகாதார இன்ஸ்பெக்டராகி, ஓய்வு பெறும்வரை அவன் அந்த வேலையே பார்த்தான். அவள் பள்ளிக்கும் போகவில்லை, கல்லூரிக்கும் மனுப் போடவில்லை. தாதி வேலையில் நிரந்தரமாகி, பிரசவம் பார்க்கவும் படித்து, மலாக்காவில் கணக்கில்லாத குழந்தைகளைக் கையில் ஏந்தினாள். வருத்தமில்லையா என்று யாராவது கேட்டால், "இருக்கு. அதை நெனச்சு உக்கார நேரமில்லே" என்பாள். அது உண்மைதான்.

அதற்கெல்லாம் முன்னால், ஜப்பான் சண்டை ஓய்ந்தபின் அவளுக்கு முதன்முதலாக ஒரு வார விடுப்புக் கிடைத்தது. தம்பி ரயிலில் பினாங்கு கூட்டிப்போகிறேன் என்றான். அம்மா கோயிலுக்குப் போகலாம் என்றாள். கமலவேணி இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, பாயை விரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கு எழுப்பவேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.