எதிர் வீட்டுத் தறி

புள்ளியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தபோது எனக்குத் திருமணமானது. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் குடும்பம். நான் வந்த ஐப்பசியில் வீட்டுத் தறி நின்றுபோனது.

எங்களைப் பார்க்க வந்த கணவரின் அத்தை, என் காதுபடவே சொன்னார்: "புதுசா வந்தவ ராசி அப்படி. கால வச்சா, தறி நின்னுப்போச்சு."

இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. புள்ளியியலில் ஒட்டுறவைப் பற்றி நான் படித்த முதல் பாடமே அதுதான். ஆனால் அந்த நிமிடம் எனக்கு அழுகைதான் வந்தது. என்னால்தானோ என்று நானே நம்பிவிட்டேன்.

மாமியார் காபி டம்ளரை ணங்கென்று வைத்தார்.

"எதிர் வீட்டுலயும் தறி நின்னுக்கினுதான் இருக்குது. அங்க எந்த மருமக வந்தா? மழை உட்டு, நூல தெருவுல பாவா நீட்டினாதானே தறி ஓடும்? எம் மருமகள இன்னொரு வாட்டி இப்படிப் பேசாதீங்க அண்ணி."

மழை விட்ட காலையில், தெருவே பார்க்க, நீளமாக விரித்த நூல் பாவின் ஒரு முனையை மாமியார் என் கையில்தான் கொடுத்தார்.

என் ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயர் அவருடையது. யார் இவர் என்று கேட்டார் என் நெறியாளர்.

"எனக்காக எதிர் வீட்டைப் பார்த்தவர்" என்றேன்.