இன்னாசித்தம்பி கொடுத்த இரத்தம்

டென்மார்க்கின் வைலே நகரத்துக்கு வெளியே இருந்த இரும்பு வார்ப்புத் தொழிற்சாலைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து இரத்தம் எடுக்க ஆட்கள் வந்தபோது, உலைப் பகுதியில் வேலை செய்த டேனிஷ்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னாசித்தம்பிதான் முதலில் சட்டைக் கையைச் சுருட்டினார்.

அவர் தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலுக்குச் சாமான் ஏற்றி இறக்கியவர். கப்பல் ஓட்டம் நின்றதோடு வேலை போயிற்று. இராணுவச் சுற்றிவளைப்புகள் தொடங்கியதும் ஆம்பிளைகள் வீட்டில் படுக்க முடியாமல் போயிற்று. மனைவி கத்தரீனாவையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கிழக்குப் பேர்லின் வழியாக டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார். அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். குடும்பத்தைக் கூப்பிட உரிமை இருக்கிறது என்றும் சொன்னார்கள். 1987ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அதற்கு விண்ணப்பித்தார். மூத்தவன் யூட்டுக்கு அப்போது பதினாறு முடிந்திருந்தது. மகள் மரினா சின்னப்பிள்ளை.

அந்தக் குளிர்காலத்தில்தான் இரத்தம் எடுக்க வந்தார்கள். தலைமை தாங்கி வந்தவர் கிர்ஸ்டன் என்ற ஆராய்ச்சியாளர். உயரமான, மெதுவாகப் பேசுகிற பெண். தமிழ்த் தொழிலாளர்களுக்கு விளங்கப்படுத்த பாலேந்திரா என்ற இளைஞரைக் கூட்டி வந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டுவிட்டு வந்தவர். அகதிகளுக்கு மொழிபெயர்ப்பது அவருடைய வேலை.

"எங்கட உடம்பில கண்ணுக்குத் தெரியாத கலங்கள், செல்கள், கோடிக்கணக்கில இருக்கு, அண்ணை," என்றார் பாலேந்திரா. "ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் பரம்பரையலகு எண்டு ஒண்டு இருக்கு. தாய் தேப்பனிட்ட இருந்து பிள்ளைக்குப் போறது. உங்களைப் போல சூட்டுக்குள்ள நிண்டு வேலை செய்யிற ஆக்களில அது எப்பிடி வேலை செய்யுது எண்டு பாக்கப் போயினம். வேலைக்கு முன்னம் கொஞ்சம், வேலை முடிய கொஞ்சம் எடுப்பினம்."

தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போவது என்ற இடத்திலேயே இன்னாசித்தம்பியின் காது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சொன்னது எதுவும் ஏறவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. லண்டனில் இருந்த அவருடைய மச்சான் முறையான ஒருவர், அங்கே குடும்பத்தைக் கூப்பிடுகிறவர்களின் இரத்தத்தைச் சோதித்து, பிள்ளைகள் சொந்தப் பிள்ளைகள்தானா என்று பார்த்துத்தான் விசா கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். இங்கேயும் விசாரணையில் பிள்ளைகள் உம்முடையவர்கள்தானா என்று இரண்டு மூன்று தடவை கேட்டிருந்தார்கள். இப்போது தொழிற்சாலைக்கே வந்து இரத்தம் எடுக்கிறார்கள், பரம்பரையலகு என்கிறார்கள். வேறு எதற்காக இருக்கும்? அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. அரசாங்க விஷயத்தைத் துருவித் துருவிக் கேட்டால் குழம்பிப்போகும் என்பது அவருடைய அனுபவம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கத்தோலிக்கக் கோயில் பங்குச் சுவாமியின் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தார். கத்தரீனா பூசை முடிந்து அங்கே காத்திருந்தாள்.

"இரத்தம் எடுத்திட்டாங்கள்," என்றார். "இனிக் கெதியா வரும்."

"உண்மையாவோ?"

"ஓம். வேலையிடத்துக்கே வந்து எடுத்தவை. பெரிய படிச்ச ஆக்கள்."

கிர்ஸ்டனின் ஆட்கள் மாதம் தவறாமல் வந்தார்கள். மற்றவர்கள் சாட்டுச் சொல்லி நழுவிய நாட்களிலும் இன்னாசித்தம்பி போனார். சூடு கூடக்கூட ஆராய்ச்சிக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, அதனால் விசாவும் விரைவாக வரும் என்று நினைத்து, அச்சுகளைத் தட்டிச் சுத்தம் செய்யும் வேலையை விட்டு, உருகிய இரும்பை ஊற்றும் இடத்துக்கு மாற்றித் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேட்டார். அங்கே நிற்கப் பழகியவர்களுக்கே வேர்வை கண்ணை மறைக்கும். வெளியே பனி கொட்டும்போது அவர் உள்ளே மேற்சட்டை முழுக்க நனைந்து நிற்பார். உடம்பு இளைத்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. நீதி அமைச்சுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டால், உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்ற அதே பதில் வரும். வைத்துவிட்டு, அடுத்த முறை கையை நீட்டப் போவார்.

1988இல் கத்தரீனாவின் தம்பி ஒரு பயண முகவரைப் பிடித்தார். யூட்டை ஜேர்மனிக்கு அனுப்பிவிடலாம் என்றார். பதினேழு வயதுப் பொடியனை ஊரில் வைத்திருப்பது நெருப்பை மடியில் வைத்திருப்பது போல இருந்த காலம். கத்தரீனா சம்மதித்துவிட்டாள். இன்னாசித்தம்பிதான் மறித்தார்.

"அவங்கள் பிள்ளையளை ரஷ்யாவில கொண்டுபோய் விட்டிட்டு ஓடுறாங்கள். அவனை வைச்சிரு. மூண்டு பேரும் ஒண்டா, முறையா வாங்கோ. நான் இரத்தம் குடுத்திருக்கிறன்."

மறுமுனையில் யூட் வாங்கிப் பேசினான். குரல் உடைந்து ஆம்பிளைக் குரலாகியிருந்தது. முதலில் அது யார் என்றே அவருக்குப் பிடிபடவில்லை. "சரி அப்பா, நான் நிக்கிறன்," என்றான்.

முகவர் வேறு பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள், தொழிற்சாலைச் சாப்பாட்டு அறைக்குப் பக்கத்துச் சிறிய அறைக்கு இன்னாசித்தம்பியைக் கூப்பிட்டார்கள். கிர்ஸ்டனும் பாலேந்திராவும் இருந்தார்கள். ஊசி, குழாய் ஒன்றும் இல்லை.

"அண்ணை, உங்கட இரத்தத்தை இனி எடுக்கமாட்டினமாம்," என்றார் பாலேந்திரா.

இன்னாசித்தம்பியின் முகம் மலர்ந்தது. "முடிவு வந்திட்டுதோ?"

பாலேந்திராவுக்கு விளங்கவில்லை. கிர்ஸ்டன் அதற்குள் எக்ஸ்ரே படம் போன்ற ஒரு தாளை மேசையில் விரித்துப் பேசத் தொடங்கிவிட்டார். பாலேந்திரா கூடவே சொல்லிக்கொண்டு போனார்.

"கலத்துக்குள்ள இருக்கிற பரம்பரையலகு எல்லாம் ஒரே நேரத்தில வேலை செய்யிறேல்லை. சூடு பட்டால், கலம் வழமையான கனக்க அலுவல்களை நிப்பாட்டிப்போட்டு, ஒரு சிலதை மட்டும் முடுக்கிவிடுமாம். அதுகள் ஒருவகைப் புரதத்தைச் செய்யும். சூட்டில மற்றப் புரதங்கள் பழுதாகாமல் தாங்கிப் பிடிக்கிறது அதுதான். இந்தா, இது உங்களோட வேலை செய்யிற ஒராள். காலமை இந்தப் புரதத்தின்ர கோடு மங்கலா இருக்கு. பின்னேரம் கறுப்பா வந்திருக்கு. அடுத்த நாள் காலமை திரும்ப மங்கல். எல்லாருக்கும் அப்பிடித்தான்."

பிறகு விரலை நகர்த்தினார். "இது நீங்கள்."

காலைக் கோடும் மாலைக் கோடும் இரண்டுமே கறுப்பாக இருந்தன.

"வேலைக்கு வர முன்னமே உங்கட கலங்கள் சூடு பட்ட மாதிரித்தான் நிக்குதாம். லீவு முடிஞ்சு வந்த அண்டு எடுத்ததும் அப்பிடித்தானாம். உங்களுக்கு உள்காய்ச்சல் ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறா."

"இல்லை."

"நித்திரை கொள்ளுறனீங்களோ?"

"படுக்கிறனான்," என்றார்.

கிர்ஸ்டன் தலையாட்டினார். காரணம் தனக்குத் தெரியாது என்றார். ஏதாவது தொற்று இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுவது நல்லது. மனக்கவலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லும் அளவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஆனால் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறவரை வைத்துச் சூட்டின் விளைவைக் கணக்கெடுக்க முடியாது. அதனால் அவரை ஆராய்ச்சியிலிருந்து நீக்குகிறார்கள். இவ்வளவு நாளும் வந்ததற்கு நன்றி.

இன்னாசித்தம்பி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாலேந்திராவிடம் கேட்டார்:

"அப்ப, பிள்ளையள் என்ர பிள்ளையள்தான் எண்டு இதில தெரியேல்லையோ?"

"எந்தப் பிள்ளையள், அண்ணை?"

"யூட்டும் மரினாவும். விசாவுக்கு."

கிர்ஸ்டன் என்ன என்று கேட்டார். பாலேந்திரா அவருக்கு நீண்ட நேரம் விளக்கினார். கிர்ஸ்டனின் முகம் சிவந்தது. தனக்கும் அமைச்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். அந்த டேனிஷ் இன்னாசித்தம்பிக்கே விளங்கியது.

"தேப்பனிட்ட இருந்து பிள்ளைக்குப் போறது எண்டு நீர்தானே தம்பி சொன்னனீர்," என்றார் இன்னாசித்தம்பி. கோபம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல்தான்.

"அது பொதுவாச் சொன்னது, அண்ணை. விளக்கத்துக்காகச் சொன்னது."

"ஓம். விளக்கத்துக்காக."

எழுந்து போய் வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு உலைப் பக்கம் நடந்தார். வேலை நேரம் முடிந்திருக்கவில்லை.

அதே காலத்தில்தான் இன்னொரு செய்தியும் வெளியே வந்தது. தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை நீதி அமைச்சர் சட்டத்துக்கு மாறாகத் தொடவிடாமல் வைத்திருந்திருக்கிறார். பரிசீலனையில் இருந்ததாகச் சொன்ன கோப்புகளை யாரும் பரிசீலிக்கவே இல்லை. தடை நீங்கி, இன்னாசித்தம்பியின் கோப்பும் மேசைக்கு வந்தது. கத்தரீனாவுக்கும் மரினாவுக்கும் அனுமதி கிடைத்தது. யூட்டுக்குக் கிடைக்கவில்லை. கோப்பைக் கையில் எடுத்தபோது அவனுக்குப் பதினெட்டு கடந்திருந்தது. பதினெட்டைத் தாண்டியவன் பிள்ளை இல்லை.

இன்னாசித்தம்பி ரெலிபோனில் கெஞ்சினார். "நீயும் மரினாவும் வாங்கோ. வந்த பிறகு அவனுக்கு ஒரு வழி பாப்பம்."

"அவனைத் தனிய விட்டிட்டு வரச் சொல்லுறீங்களோ?" என்றாள் கத்தரீனா. "உங்கட சொல்லுக் கேட்டுத்தான் அவன் இஞ்ச நிண்டவன்."



1990 ஆனியில் சண்டை மறுபடி மூண்டது. ஊரே அடைக்கலம் தேடி மடு மாதா கோயில் பக்கம் நடந்தது. வழியில் இராணுவம் மறித்துப் பிரித்தெடுத்து ஏற்றிக்கொண்டு போன இளந்தாரிகளில் யூட்டும் ஒருவன். கத்தரீனா மரினாவைக் கையில் பிடித்துக்கொண்டு முகாம் முகாமாக ஏறி இறங்கினாள். இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அலைந்த பிறகு, மகளையாவது காப்பாற்று என்று பங்குச் சுவாமி வற்புறுத்தி இருவரையும் கொழும்பில் விமானம் ஏற்றிவிட்டார்.

கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் அவர்கள் வெளியே வந்தபோது இன்னாசித்தம்பி கையில் இரண்டு தடித்த குளிர்ச் சட்டைகளை வைத்துக்கொண்டு நின்றார். மரினாவுக்கு வாங்கியது சின்னதாய்ப் போயிற்று. கத்தரீனா அவருடைய முகத்தைப் பார்த்தாள். "நல்லா மெலிஞ்சு போனீங்கள்," என்றாள். வைலே போய்ச் சேரும் வரை ரயிலில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் சண்டை இல்லை. அவள் சமைத்தாள், அவர் சாப்பிட்டார். மரினா பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, மெல்ல மெல்லத் தமிழில் கேட்டதற்கு டேனிஷில் பதில் சொல்லத் தொடங்கினாள். யூட்டின் பெயரை யாரும் எடுப்பதில்லை. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கத்தரீனா தலை நிமிராமல் கேட்டாள்:

"அந்த இரத்தம் என்னத்துக்கு எடுத்தவை?"

அவர் தனக்கு விளங்கிய அளவில் சொன்னார். சூடு பட்டால் கலம் தன் வழமையான வேலையைக் குறைத்துவிட்டு, தன்னைத் தாங்குகிற வேலையைப் பார்க்கும் என்றார்.

"சூடு ஆறினா?"

"பழையபடி வருமாம். அடுத்த நாளே."

"எல்லாருக்குமோ?"

அவள் வெங்காயத்தை வெட்டிச் சட்டியில் போட்டாள்.

1993 தை மாதம், குடும்ப விண்ணப்பங்களை முடக்கியது பற்றிய விசாரணை அறிக்கை வந்தது, அரசாங்கம் கவிழ்ந்தது. தமிழர் எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். பாலேந்திரா வீடு தேடி வந்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு பேச விரும்புகிறார் என்றார். கத்தரீனா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள்.

"கதைச்சால் நல்லது, அக்கா. உங்கட கதையை நாடே கேக்கும்."

"கேட்டு?" என்றாள் கத்தரீனா.

பாலேந்திரா இன்னாசித்தம்பியைப் பார்த்தார். இன்னாசித்தம்பி நிலத்தைப் பார்த்தார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் பாலேந்திரா எழும்பினார். படலைவரை போய் வழியனுப்பக்கூட ஒருவரும் எழும்பவில்லை.

அந்த வருடம் ஐப்பசிக் கடைசியில், மரித்த விசுவாசிகளின் திருநாளுக்கு முந்திய ஞாயிறு, வைலே கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்ததும் குருவானவர் இறந்தவர்களுக்கு ஒரு தாளும் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு தாளும் வைத்துப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். இறந்த உறவினர்களின் பெயர்களைத் திருநாள் பூசையில் வாசிப்பார்கள். கத்தரீனா தன் தாய் தகப்பன் பெயரைச் சொன்னாள், மாமன் மாமி பெயரைச் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, "யூட்," என்றாள்.

இன்னாசித்தம்பி அவளுடைய கையைப் பிடித்தார். "வேண்டாம். அவனை உயிரோட இருக்கிற ஆக்களுக்கான மன்றாட்டில போடச் சொல்லு."

"மூண்டு வருசமா அதிலதானே வைச்சு மன்றாடினனான்."

"இன்னும் கொஞ்ச நாள் பாப்பம்."

"முந்தியும் இதைத்தானே சொன்னீங்கள்."

குருவானவருக்குத் தமிழ் தெரியாது. பேனாவைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் பெயர் இறந்தவர்களோடா, உயிரோடு இருப்பவர்களோடா?" என்று டேனிஷில் மெதுவாகக் கேட்டார்.

மரினா பக்கத்தில் நின்றாள். தாயும் தகப்பனும் அவள் மொழிபெயர்ப்பாள் என்று காத்திருந்தார்கள். அவள் இருவரையும் பார்க்கவில்லை. குருவானவரிடம் டேனிஷில், "எழுத வேண்டாம்," என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு வெளியே போனாள்.